கடல் கடந்த கணித மேதையின் தனிமை

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாறு எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இரயில்வே எழுத்தனாகிய எனக்கு, சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராயிருந்து உலகப் புகழ் பெற்ற கணித மேதை சீனிவாச இராமானுஜன் அவர்களே நினைவுக்கு வந்தார்கள். அவர்தம் கணிதத்தை விளக்கும் தகுதி மெட்ரிகுலேஷன் அளவில் நின்ற எனக்கில்லை. அவர் அயல்நாட்டில் பட்ட தனிமைத் துயரையே ஈண்டு எழுதுகின்றேன்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மூழ்கியமையால் பிற பாடங்களில் தவறிக் கல்லூரிப் படிப்பை இழந்தார். 1909 இல் ஜானகி அம்மையாரை மணந்தார். 1912 இல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய மடலே அவரை உலகுக்குக் காட்டியது. 1914 மார்ச்சு 17 அன்று மனைவியையும் பெற்றோரையும் பிரிந்து கப்பலேறினார்.

அவர் சென்ற சில திங்களிலேயே முதல் உலகப் போர் மூண்டது. புலால் உண்ணாத அவருக்குக் காய்கறியும் பாலும் அரிதாயின. தாமே சமைத்து, நேரந்தவறி உண்டார். குளிர் தாங்காது வாடிய அவருக்குக் கம்பளியை எவ்வாறு போர்த்துக்கொள்வது என்பதையும், உடன் பயின்ற மகலனோபிஸ் என்னும் வங்காள நண்பரே காட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒருமுறை விருந்துக்கு வந்தவர், அவர் சமைத்த இரசத்தை மூன்றாம் முறை வேண்டாவென்றதும், மனம் நொந்து சொல்லாமல் வெளியேறி ஆக்ஸ்போர்டு சென்று, சில நாள் கழித்தே திரும்பினார். கேட்போருக்கு இது நகைப்பாய்த் தோன்றலாம். ஆயினும் உள்ளம் நைந்திருந்தமைக்கு அது ஓர் அடையாளமன்றோ!

1917 இல் நோய்வாய்ப்பட்டார். மருத்துவமனை மாற்றி மருத்துவமனையாக வைத்துப் பார்த்தனர். வீட்டிலிருந்து கடிதங்கள் அருகின. மாமியார் மருமகள் பிணக்கால், மனைவியார் எழுதிய மடல்கள் அவரை அடையாது போயின என்று வரலாற்றாசிரியர் கூறுவர். 1918 இன் தொடக்கத்தில், இலண்டன் நிலத்தடி இரயில் நிலையம் ஒன்றில் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். அதனைக் கண்ட இரயில் ஊழியர் ஒருவர் வண்டியை நிறுத்திக் காப்பாற்றினார். அச்செயல் அந்நாளில் ஆங்கில நாட்டில் குற்றமாதலின் காவலர் பிடித்துச் செல்ல, ஹார்டி சென்று மீட்டார். அந்த ஊழியரின் பெயரை உலகம் அறியாது. இரயில்வேயில் பணிபுரியும் நான் அவரை நினைக்குந்தோறும் நெஞ்சாரக் கைகூப்புகின்றேன்.

அவ்வாண்டு ஜூனில், இங்கிலாந்தில் பணியாற்றிய இராமலிங்கம் என்னும் பொறியாளர், மேட்லாக் மருத்துவமனைக்குச் சென்று அவருடன் தங்கி, உணவையும் உடல்நிலையையும் கவனித்து, ஹார்டிக்கு விரிவாக எழுதினார். இராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும், டிரினிட்டிக் கல்லூரியின் ஃபெல்லோ பதவியும் அதே 1918 இல் வந்து அவரது ஊக்கத்தை ஓரளவு மீட்டன.

அவ்வாண்டின் இறுதியில் இன்ஃபுளுயன்சா என்னும் கொள்ளைநோய் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். இராமானுஜனோ இலண்டன் மருத்துவ இல்லங்களில் நோயாளியாய்க் கிடந்தார். ஊரில் உறவினர் எவ்வாறுள்ளனரோ என்னும் கவலை, கடல் கடந்த ஒவ்வொருவரையும் வாட்டியிருக்கும். 1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். ஜானகி அம்மையார் அருகிருந்து பணிவிடை செய்ய, படுக்கையிலும் புதிய கணிதம் கண்டார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 ஆம் வயதில் மறைந்தார்.

நிற்க. 2020 இல் கொரோனா பரவியபோது களியக்காவிளை எல்லை அடைபட்டு, கூப்பிடு தொலைவிலுள்ள உறவினரையும் காணாது பாறசாலையில் நாம் தவித்தோம். அப்போது என் தமக்கை மகன் ஜெர்மனியில் ஆராய்ச்சி மாணவன். உண்டேன், நலமே என்று தாயிடம் நாள்தோறும் கூறினான். ஊணும் உறக்கமுமின்றி ஓரறையில் பல வாரம் கிடந்தான் என்பதை அவன் திரும்பி வந்த பின்னரே அறிந்தோம். மதிப்பெண்ணையும் ஆய்வையும் கேட்ட நாங்கள், அவன் உள்ளத்தைக் கேட்கவில்லை.

அன்பர்களே! வெளிநாடு சென்ற நம் பிள்ளைகள் மேதைகளாயினும் முதலில் பிள்ளைகளே. அவர்தம் குரலில் வாட்டம் தெரியின் மறைக்காமலும் கடியாமலும் பேசச் செய்வோம். அவ்வூர்த் தமிழர் ஒருவரையேனும் அவர்பால் அனுப்புவோம். மருத்துவரை நாடுவது இழுக்கன்று. பெற்றோர் இங்கிருந்தே அறிவுரை பெற, அரசின் 14416 என்னும் இலவசத் தொலைபேசி உதவி 2022 முதல் உள்ளது. கம்பளி போர்த்திய நண்பரும், வண்டியை நிறுத்திய ஊழியரும், உடன் தங்கிய இராமலிங்கமும் செய்ததை, அயலூரில் வாழும் நாமும் ஒருவர்க்கொருவர் செய்வோம். சங்கம் என்பதன் பொருள் அதுவே.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!