ஆன்டனி டிரோலப்: அஞ்சல் பணியும் அதிகாலை எழுத்தும்

எழுத நேரம் கிடைக்கவில்லை என்பது எழுத்தாளர் பலரிடமும் கேட்கும் குறையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப்பின் வாழ்க்கை இக்குறைக்கு விந்தையானதொரு விடையைத் தருகிறது. ஓய்வு மிகுதியாக இருந்த இளமையில் அவர் ஒரு நாவலைக்கூடத் தொடங்கவில்லை. அலுவலும் பயணமும் ஒருசேர வந்து நெருக்கிய பின்னரே எழுதத் தொடங்கி, 47 நாவல்களை உலகுக்கு அளித்தார்.

டிரோலப் 1815 ஏப்ரல் 24 அன்று இலண்டனில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர்; அத்தொழிலிலும் பின்னர் மேற்கொண்ட வேளாண்மையிலும் தோற்றுக் கடனில் மூழ்கியவர். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற ஹாரோ, வின்செஸ்டர் பள்ளிகளில், சேறு படிந்த காலணியும் செலுத்தப்படாத கட்டணமுமாகச் சிறுவன் ஆன்டனி ஒதுங்கி நின்றான். விளையாட்டில் சேர்த்துக்கொள்வார் இல்லாமையால் தனக்குத் தானே கதை சொல்லிக்கொள்ளும் பழக்கம் அவனிடம் படிந்தது. ஒரே கதையை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மனத்துக்குள் வளர்ப்பான். நடக்கவே இயலாத எதுவும் அக்கதைக்குள் நுழையலாகாது என்பது அவன் தனக்கு விதித்துக்கொண்ட சட்டம். பின்னாளில் தோன்றிய நாவல்களுக்கெல்லாம் வித்து இந்தத் தனிமையில்தான் விழுந்தது.

கற்பனை தனிமையில் பிறந்ததென்றால், உழைப்பு தாயிடமிருந்து வந்தது. தாய் பிரான்சிஸ் டிரோலப், ஐம்பது வயதைக் கடந்த பின் 1832இல் அமெரிக்க மக்களின் வாழ்க்கை முறை பற்றிய நூலை வெளியிட்டுப் புகழ் பெற்றவர். 1834இல் கடன்காரர்களுக்கு அஞ்சிக் குடும்பம் பெல்ஜியத்தின் புரூஜ் நகருக்குப் பெயர்ந்தது. அங்கே மகன் ஹென்றியும் அடுத்த ஆண்டில் கணவரும் நோயுற்று இறந்தனர். அவர்களுக்குப் பணிவிடை செய்துகொண்டே, வீட்டார் எழுமுன் எழுந்து அந்த அம்மையார் நாவல் எழுதினார். மருந்துக் குப்பியும் மைக்கூடும் அவ்வீட்டில் அருகருகே இருந்தன. குடும்பத்திற்குச் சோறிட்டது அந்த எழுத்தே. எழுத உகந்த சூழலென்று ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதை மகன் கண்ணெதிரே கண்டார். ஆயினும் அப்பாடம் அவரிடம் பலிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

1834இல் இலண்டன் தலைமை அஞ்சலகத்தில், ஆண்டுக்கு 90 பவுன் ஊதியத்தில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தார். அங்குக் கழிந்த ஏழு ஆண்டுகளும் வீணே கழிந்தன. காலந்தாழ்த்தி வருதல், கடன், மேலதிகாரிகளின் சினம், வெறுமையான மாலைப்பொழுதுகள் என நாள்கள் சென்றன. நாவலாசிரியராக வேண்டும் என்ற எண்ணம் இருந்தது, எழுத்து இல்லை.

1841இல் எவரும் விரும்பாத பதவியொன்றை அவரே கேட்டுப் பெற்று அயர்லாந்து சென்றார். ஊர் ஊராகச் சென்று அஞ்சலகங்களைத் தணிக்கை செய்வதும், மக்களின் முறையீடுகளை விசாரிப்பதும் அவர் பணி. சோம்பேறி எனப் பெயர் எடுத்தவர் அங்குத் திறமைமிக்க அலுவலராக மாறினார். குதிரையேற்றமும் நரி வேட்டையும் அவரைப் பற்றிக்கொண்டன. 1844இல் ரோஸ் ஹெசல்டைனை மணந்தார். இரு மகன்கள் பிறந்தனர். பணி நிமித்தம் சென்ற ஓர் ஊரில் கண்ட பாழடைந்த மாளிகையே முதல் நாவலுக்குக் கருவாயிற்று. அந்நாவல் 1847இல் வெளிவந்தது, வாங்குவார் இல்லை. அடுத்த இரண்டு நாவல்களும் தோற்றன. நான்காவது நாவலான 'தி வார்டன்' 1855இல் வெளிவந்து, அவ்வாண்டு முடிவில் ஒன்பது பவுனும் சில்லறையும் ஈட்டித் தந்தது. பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்புக்கு அதுவே முதல் ஊதியம்.

அந்நாவல் தோன்றியதும் பணியின் ஊடே ஏற்பட்ட பயணத்தில்தான். 1851 முதல் இங்கிலாந்தின் தென்மேற்கு மாவட்டங்களில் கிராம அஞ்சல் வழிகளைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. எட்டாத குடிசைக்கும் கடிதம் சேர வேண்டும் என்னும் முனைப்போடு நாளொன்றுக்கு 40 மைல் வரை குதிரையில் சுற்றினார். சாலைகளில் அஞ்சல் பெட்டி வைக்கும் யோசனையை அவர் முன்வைக்க, 1852இல் ஜெர்சித் தீவில் அது செயலுக்கு வந்தது. இச்சுற்றுப் பயணத்தின்போது சால்ஸ்பரி பேராலயத்தின் அருகே உலவிய ஒரு மாலைப்பொழுதில் 'தி வார்டன்' கதை உள்ளத்தில் உருப்பெற்றது. அதன் தொடர்ச்சியாகிய 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலின் பெரும்பகுதியை ரயில் பெட்டியில் அமர்ந்து, மடியில் வைத்த பலகையின் மேல் பென்சிலால் எழுதினார். அதனைப் படியெடுத்தவர் மனைவி ரோஸ். அச்சாகுமுன் அவர் எழுத்தைப் படித்தவரும் அந்த அம்மையார் ஒருவரே.

1858இல் எகிப்து அரசுடன் அஞ்சல் உடன்படிக்கை பேச அவர் அனுப்பப்பட்டார். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லும் கடிதப் பைகள் எகிப்தை ரயிலில் கடப்பதற்கான ஏற்பாடு அது. செல்லும் வழியில் கடல் கொந்தளித்தது. எழுதிக்கொண்டிருந்த தாளை மேசைமேல் விட்டுவிட்டு, அறைக்குச் சென்று வாந்தியெடுத்துத் திரும்பி வந்து தொடர்வார். 'டாக்டர் தார்ன்' எகிப்தில் முடிந்தது. மறுநாளே அடுத்த நாவல் தொடங்கிற்று.

1859இல் இலண்டனுக்கு அருகே வால்தம் கிராஸில் குடியேறிய பின் இவ்வழக்கம் முறையான ஒழுங்கு பெற்றது. அதிகாலை ஐந்தரைக்கு மேசைமுன் இருப்பார். தவறாது எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காக முதிய குதிரைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் மிகையாக அளித்தார். தம் வெற்றிக்கு வேறெவரையும்விட அம்முதியவருக்கே தாம் கடன்பட்டிருப்பதாகக் கருதினார். முதல் அரைமணி நேரம் முன்னாள் எழுதியதைப் படித்தல். பின்னர், எதிரே கைக்கடிகாரத்தை வைத்துக் கால்மணிக்கு 250 சொற்கள். எட்டரை மணிக்கு எழுத்துப் பணி முடிந்துவிடும். அதன்பின் அலுவலகமும் வேட்டையும் சீட்டாட்டமும் நண்பர் குழாமும் அந்நாளைப் பங்கிட்டுக்கொள்ளும். எழுதிய பக்கங்களை நாள்தோறும் ஏட்டில் குறித்தார். வெறுமையாக விடப்பட்ட நாள் அவரைக் குற்றஞ்சாட்டி நிற்கும்.

1867இல் அஞ்சல் பணியிலிருந்து விலகினார், ஓய்வூதியத்தையும் இழந்தார். பயணம் மட்டும் ஓயவில்லை. 1871இல் ஆஸ்திரேலியாவில் ஆட்டுப்பண்ணை நடத்திய மகனைக் காணக் கப்பலேறியபோது அறையில் எழுதுமேசை ஒன்றைப் பொருத்தச் செய்தார். எட்டு வாரப் பயணத்தில் 'லேடி அன்னா' நாவல் முழுவதும் உருவாயிற்று. உடல்நலமின்மையால் ஒரே ஒரு நாள் தவறிற்று. 1875இல் இலங்கை வழியாக மீண்டும் ஆஸ்திரேலியா சென்றார். தென்னாப்பிரிக்காவும் ஐஸ்லாந்தும் அதன்பின் கண்ட நாடுகள்.

கடிகாரம் ஆண்டது அவர் கையை மட்டுமே. குதிரைமேலும், மலைகளிலும் காடுகளிலும் தனித்து நடக்கையிலும் கதைமாந்தரோடு வாழ்ந்தார், அவர்தம் துயருக்கு அழுதார், நகைப்புக்கு நகைத்தார். ஒருநாள் இலண்டன் மன்றமொன்றில் எழுதிக்கொண்டிருந்தபோது, பழைய பாத்திரங்களே மீண்டும் மீண்டும் வருவதாகப் பாதிரிமார் இருவர் குறைகூறக் கேட்டார். குறிப்பாகப் பேராயரின் மனைவி திருமதி பிரௌடி அவர்களுக்குச் சலித்துவிட்டாள். எழுந்து சென்று, அவ்வாரத்திற்குள் அவளைச் சாகடித்துவிடுவதாக வாக்களித்தார், அவ்வாறே செய்தார். ஆனால் அச்செயலுக்காகப் பின்னர் வருந்தினார். இறந்த அவள் ஆவியோடு தாம் இன்னும் வாழ்வதாக உணர்ந்தார். சொற்களை எண்ணி எழுதியவரின் உள்ளம் எத்தகையது என்பதற்கு இது ஒன்றே சான்றாகும்.

1882 டிசம்பர் 6 அன்று டிரோலப் மறைந்தார். இறுதி நாவல் முற்றுப்பெறவில்லை. மறு ஆண்டு வெளிவந்த தன்வரலாறு வாசகரைத் திடுக்கிடச் செய்தது. காலையில் எழும் நேரம், கால்மணிக் கணக்கு, ஒவ்வொரு நூலுக்கும் பெற்ற தொகை ஆகிய அனைத்தையும் அதில் ஒளிவின்றி எழுதியிருந்தார். நாவலாசிரியரைச் செருப்புத் தைப்பவரோடு ஒப்பிட்டிருந்தார். கலை உள்ளெழுச்சியால் பிறப்பது என நம்பியோர் முகம் சுளித்தனர். அவர் புகழ் மங்கியதற்கு இந்நேர்மையும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. எழுதுவதன் கடுமையை மறைத்திருந்தால் அவருக்கு அந்த இழப்பு நேர்ந்திராது.

நாவல்கள் காத்திருந்தன. இருபதாம் நூற்றாண்டில் புதிய வாசகர் அவற்றைத் தேடி வந்தனர். 1993இல், அவர் மறைந்து 111 ஆண்டுகளுக்குப் பின், இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது. கால்மணிக்கு 250 சொற்கள் எனக் கணக்கு வைத்த அந்த அஞ்சல் அலுவலரின் பெயர், அங்குக் கவிஞர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட மூலையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.