போத்தனூரம்மா பெத்த பிள்ளை



ஆண்டு மலருக்கு ஒரு அறிஞரின் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று யூனியனில் கேட்டார்கள். கலாம் ஐயா, விஸ்வேஸ்வரய்யா, ராமானுஜன் எல்லாரைப் பற்றியும் எல்லா ஊர் மலரிலும் பக்கம் பக்கமாக வந்தாச்சு. அதனால் இந்த வருஷம் ஏழெட்டு ராத்திரி என் தூக்கத்தைக் கெடுத்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் ஆலன் டூரிங். இறந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தூக்கம் கெட்ட கதையை முதலில் சொல்லிடறேன். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு நாங்கள் நாலு பேர் எடுத்தது சாட்பாட். டிப்ளமோ சேர வருகிற பிள்ளைகள் தமிழில் கேள்வி கேட்டால் தமிழில் பதில் சொல்லணும். மூளையை நாங்கள் செய்யவில்லை, அது ஏற்கனவே இருக்கிற ஒரு சேவை. நம்ம பைத்தான் புரோகிராமிலிருந்து அதுக்கு மெசேஜ் கட்டி அனுப்பி, பதிலை வாங்கிக் காட்டணும், அவ்வளவுதான். முதல் நாள், சிவில் பிரிவு எத்தனை வருஷம் என்று கேட்டோம். மூன்று என்றது. கைதட்டினோம். அடுத்து, அதுலயே லேட்டரல் என்ட்ரின்னா எத்தனை வருஷம் என்று கேட்டோம். எதிலே என்று நம்மையே திருப்பிக் கேட்டது! ஒரு நிமிஷத்துக்கு முன் பேசியதையே மறந்துவிட்டது. எங்கே தப்பு என்று தேடப் போய், மிஷினோடு டைப் அடித்துப் பேசுவது என்ற யோசனை எங்கே தொடங்கியது என்று படிக்க ஆரம்பித்து, கடைசியில் இந்த மனிதரிடம் வந்து நின்றேன்.

படித்ததில் முதல் ஆச்சரியம், அவர் நமக்கு அப்படி ஒன்றும் தூரத்து ஆள் இல்லை. அவருடைய அம்மா ஈத்தல் சாரா ஸ்டோனி பிறந்த ஊர் நம்ம கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூர், வருஷம் 1881. விருத்தாசலம் ஜங்ஷனில் சேலம் ரயில் ஏறி, அங்கே வண்டி மாறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். தாத்தா எட்வர்டு வாலர் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயின் தலைமை இன்ஜினீயர். அதாவது நம்ம சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பாஷையில் சொன்னால் நம்ம ஆளு. அண்ணன் ஜான் 1908-ல் குன்னூரில் பிறந்தார். அப்பா ஜூலியஸ் டூரிங் ஐ.சி.எஸ். அதிகாரி, மெட்ராஸ் மாகாணத்தில் வேலை. அப்போது அந்த மாகாணத்தில் இருந்து இப்போது ஒடிசாவில் இருக்கும் சத்ரபூரில் குடும்பம் இருந்தபோதுதான் அம்மா ஆலனைச் சுமந்தார். பிரசவத்துக்கு லண்டன் போனார்கள். 1912 ஜூன் 23-ல் பிள்ளை பிறந்தது.

பிறந்த பிள்ளையை இந்தியாவுக்குக் கூட்டி வரவில்லை. ஒன்றேகால் வயசில், இங்கிலாந்தில் ஒரு ஓய்வுபெற்ற கர்னல் வீட்டில் அண்ணனோடு விட்டுவிட்டு அம்மா கப்பல் ஏறிவிட்டார். நம்ம பக்கம் அப்பா குவைத்திலோ சிங்கப்பூரிலோ இருக்க, பாட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்? நம்ம வகுப்பிலேயே கை தூக்கச் சொன்னால் தெரியும். அவர் கதையில் திசை மட்டும்தான் தலைகீழ். அப்பா அம்மா சம்பாதிக்க வந்த இடம் நம்ம நாடு.

பள்ளிக்கூடத்தில் அவர் ஒன்றும் நல்ல பேர் வாங்கவில்லை. கையெழுத்து மோசம், இங்க் கறை, இங்கிலீஷில் மார்க் கம்மி. ஆனால் பிடிவாதம் உண்டு. 1926-ல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய நாளில் இங்கிலாந்து முழுக்க வேலைநிறுத்தம், ரயில் ஓடவில்லை. பதிமூன்று வயசுப் பையன், சவுத்தாம்ப்டனிலிருந்து சைக்கிளிலேயே 60 மைல் மிதித்துப் போய்ச் சேர்ந்தான். நாமெல்லாம் பஸ் ஸ்டிரைக் என்றால் லீவு போடுகிற ஆட்கள்! அங்கே அவருக்கு ஒரே ஒரு நல்ல நண்பன், கிறிஸ்டோபர் மார்கம். கணக்கும் நட்சத்திரமும் பேசுகிற சிநேகிதம். 1930-ல் காசநோயில் அந்தப் பையன் இறந்துபோனான். ஆலன் அந்த இழப்பிலிருந்து முழுசாக மீளவே இல்லை என்றுதான் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1931-ல் கேம்பிரிட்ஜ். 22 வயசில் கிங்ஸ் கல்லூரியில் ஃபெலோ. 1936-ல் எழுதிய ஒரு கணிதக் கட்டுரைதான் நம்ம கம்ப்யூட்டர் பிரிவுக்கே மூலவிக்கிரகம். அப்போது கம்ப்யூட்டர் என்றால் மிஷின் இல்லை, கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கும் மனுஷன். அந்த மனுஷன் என்ன செய்கிறான் என்று டூரிங் யோசித்தார். ஒரு நீளமான டேப், கட்டம் கட்டமாக. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கும் ஒரு தலை. பார்த்த எழுத்தையும் தன் அப்போதைய நிலையையும் வைத்து, எழுதும், அழிக்கும், இடமோ வலமோ நகரும். எந்தக் கணக்குப் போடும் முறையையும் இதில் எழுதிவிடலாம் என்றார். இன்னொரு மிஷினின் விதிகளையே டேப்பில் எழுதிக் கொடுத்தால் இது அந்த மிஷினாகவே நடிக்கும் என்றும் காட்டினார். நாம் செல்போனில் ஆப் மாற்றி ஆப் போடுவது அதைத்தான். எந்த மிஷினாலும் தீர்க்க முடியாத கணக்கும் உண்டு என்று அதே கட்டுரையில் நிரூபித்தது தனிக் கதை. வாத்தியார் நடத்தினபோது எனக்குப் பாதிதான் புரிந்தது.

1939 செப்டம்பரில் போர் ஆரம்பித்த மறுநாளே பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய இடத்துக்கு வேலைக்குப் போனார். ஜெர்மானியர்கள் எனிக்மா மிஷினில் ரகசியமாக்கி அனுப்பும் தந்திகளை உடைப்பது வேலை. போலந்து நாட்டுக் கணித மேதைகள் ஏற்கனவே நிறைய உடைத்து, அந்த ஜூலையில்தான் பிரிட்டனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இதைச் சினிமாவில் சரியாகச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன். உடைத்த விதம்தான் எனக்குச் சுவை. மெசேஜ் அனுப்புகிறவன் பழக்கத்துக்கு அடிமை. வானிலை அறிக்கை என்றால் தினமும் ஒரே மாதிரி வார்த்தையில் எழுதுவான். எனிக்மாவில் எந்த எழுத்தும் தானாகவே மாறாது, அதாவது அ போனால் அ-வாக வெளியே வரவே வராது. அப்போ, இருக்கும் என்று ஊகிக்கிற வார்த்தையைத் தந்தியின் மேல் வைத்து நகர்த்திப் பார்த்தால், எங்கே பொருந்தாது என்று தெரிந்துவிடும். மிச்சத்தைச் சோதிக்க டூரிங் பாம்ப் என்ற மிஷினை வடிவமைத்தார். கார்டன் வெல்ச்மேன் அதை மேம்படுத்தினார். முதல் மிஷின் 1940 மார்ச்சில் ஓடியது. 1941 அக்டோபரில் ஆள் பற்றாக்குறை என்று டூரிங் உள்ளிட்ட நாலு பேர், மேலதிகாரிகளைத் தாண்டி நேரே பிரதமர் சர்ச்சிலுக்கே கடிதம் எழுதினார்கள். வேண்டியதைக் கொடுக்கச் சொல்லி உடனே உத்தரவு வந்தது. (எச்.ஓ.டி.-யைத் தாண்டி பிரின்சிபாலிடம் போகலாம் என்று இதை யாரும் முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

ஆள் கொஞ்சம் விசித்திரம்தான். டீ மக்கை யாரும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று ரேடியேட்டரில் சங்கிலி போட்டுப் பூட்டுவார். மகரந்த அலர்ஜிக்கு விஷவாயு முகமூடி மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவார். சும்மா இல்லை, 1947-ல் மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிஷத்தில் முடித்தவர்.

போருக்குப் பிறகு தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு முழு வடிவமைப்பு எழுதினார். 1948-ல் மான்செஸ்டர். அங்கே இருந்த மிஷினுக்கு புரோகிராமர் கையேடு எழுதியவர் இவரே. மைக்ரோபிராசஸர் லேபில் ஹெக்ஸ் கோடு அடித்து அழுத நண்பர்கள் கவனிக்கவும். ஹெக்ஸ் 16 குறி. அந்த மிஷினில் 32 குறி, டெலிபிரின்டர் எழுத்துகளிலேயே. அதையும் தலைகீழாக, சின்ன இலக்கம் முதலில் வருகிற மாதிரி எழுதணும். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்றுதான் எதிர்பார்த்தார்.

இப்போ நான் தேடிப்போன இடத்துக்கு வருகிறேன். 1950-ல் மைண்ட் என்ற தத்துவப் பத்திரிகையில் அவர் கட்டுரை வந்தது. மிஷின் யோசிக்குமா என்ற கேள்வியை விட்டுவிட்டு ஒரு விளையாட்டைச் சொன்னார். ஒரு அறையில் கேள்வி கேட்பவர். வேறு இடத்தில் ஒரு மனுஷன், ஒரு மிஷின். முகம் தெரியாது, குரல் கேட்காது. எல்லாம் டைப் அடித்த எழுத்துதான், டெலிபிரின்டர் இருந்தால் உத்தமம். எது மனுஷன் என்று கண்டுபிடிக்கணும். மாதிரிக்கு அவர் கொடுத்த உரையாடலில் ஒரு கூட்டல் வருகிறது, 34957-ஐயும் 70764-ஐயும் கூட்டச் சொல்லி. முப்பது விநாடி யோசித்துவிட்டு 105621 என்று பதில் வருகிறது. போட்டுப் பாருங்கள், விடை 105721. நூறு குறைகிறது. தெரிந்தே வைத்த தப்பு என்றுதான் பலரும் சொல்கிறார்கள். மனுஷன் தப்பாகக் கூட்டுவான் அல்லவா!

ஐம்பது வருஷத்தில், ஐந்து நிமிஷம் பேசினாலும் சராசரி ஆள் சரியாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 70 சதவீதத்தைத் தாண்டாது என்று எதிர்பார்த்தார். நடுவில் 1966-ல் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற புரோகிராமை வெளியிட்டார். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றுவார்களே, அதே வேலை. நீங்கள் சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல்லைப் பிடித்து, தயாராக உள்ள அச்சில் ஊற்றிக் கேள்வியாகத் திருப்பித் தரும். அதுக்கே மனசு விட்டுப் பேசினவர்கள் உண்டு. 2025-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டூரிங் சொன்ன மாதிரியே மூன்று பேர், ஐந்து நிமிஷம் என்று சோதித்தார்கள். ஜி.பி.டி.-4.5-ஐ 73 சதவீதம் தடவை மனுஷன் என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் இன்ன மாதிரி ஆளாகப் பேசு என்று அதுக்கு முன்கூட்டியே ஒரு வேஷக் குறிப்பு கொடுத்திருந்தார்கள். அது இல்லாதபோது அந்த எண் வெகுவாக இறங்கிவிட்டது.

அந்தக் குறிப்புக்குத்தான் நம்ம கோடில் சிஸ்டம் மெசேஜ் என்று பேர். எங்க தப்பும் இங்கேதான் பிடிபட்டது. அனுப்புகிற கோரிக்கை ஒரு ஒற்றைக் கேள்வி இல்லை, ஒரு பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு விஷயம்: யார் பேசினது, என்ன பேசினது. முதலில் சிஸ்டம், பிறகு யூசர், பிறகு அசிஸ்டென்ட், மறுபடி யூசர். இதை ஜேசனாக மாற்றி, சாவியைத் தலைப்பில் வைத்து போஸ்ட் செய்யணும். நாங்கள் பேசின விதத்தில் எதிர்ப்பக்கம் எதையும் ஞாபகம் வைப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலிருந்து முழுப் பேச்சையும் நாமேதான் சேர்த்து அனுப்பணும். நான் கடைசிக் கேள்வியை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். வந்த பதிலையும் பட்டியலில் சேர் என்று ஒரே ஒரு வரி போட்டதும், லேட்டரல் என்றால் இரண்டு வருஷம் என்று அழகாகச் சொன்னது. 1936-ஆம் வருஷத்து டேப்பை நினைத்துக்கொண்டேன். தலைக்கு ஞாபகம் கம்மி, எல்லாம் டேப்பில்தான்.

ஜூனியர்களுக்கு இரண்டு வார்த்தை. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்.-8-ல் மூன்று பைட். பேச்சு நீள நீள கோரிக்கை வீங்கும், காசும் ஏறும், பழையதை வெட்டணும். சாவியைக் கோடுக்குள்ளேயே எழுதி எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இனி எழுதக் கஷ்டமான பகுதி.

1952 ஜனவரியில் டூரிங் வீட்டில் திருட்டு. அவரே போலீசுக்குப் போனார். விசாரணையில், ஒரு ஆணோடு தனக்கு உறவு இருப்பதை மறைக்காமல் சொல்லிவிட்டார். அப்போது இங்கிலாந்தில் அது குற்றம். திருட்டுக் கொடுத்தவரே குற்றவாளி ஆனார். ஜெயிலா, ஹார்மோன் சிகிச்சையா என்ற நிலையில் சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டார். ஒரு வருஷம் பெண் ஹார்மோன் செலுத்தினார்கள். ரகசிய வேலைக்கான அனுமதியும் போயிற்று. நாட்டைக் காப்பாற்றினேன் என்று கோர்ட்டில் வாய் திறந்து சொல்லவும் முடியாது, அது அரசு ரகசியம். அந்த வருஷமும் சும்மா இருக்கவில்லை, விலங்குத் தோலில் புள்ளியும் வரியும் எப்படி வருகிறது என்று கணிதம் எழுதி வெளியிட்டார்.

1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் இறந்தார். வயசு 41. தற்கொலை என்று தீர்ப்பு. வீட்டில் எலக்ட்ரோபிளேட்டிங் செய்ய சயனைடு வைத்திருந்தார், கைதவறி நடந்திருக்கும் என்று அம்மா கடைசிவரை நம்பினார். பக்கத்தில் கடித்த ஆப்பிள் கிடந்தது, அதை யாரும் சோதிக்கவே இல்லை. (ஆப்பிள் கம்பெனி சின்னம் அதிலிருந்து வந்தது என்பது கட்டுக்கதை. வரைந்தவரே மறுத்திருக்கிறார்.) 2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார், 2013-ல் ராணியின் பொதுமன்னிப்பு, 2021-ல் 50 பவுண்டு நோட்டில் படம். வெள்ளைக்காரன் 1860-ல் நமக்கு எழுதிக் கொடுத்த 377-ஆம் பிரிவு, வயதுவந்தவர்கள் மனமொத்து வாழ்வதைக் குற்றம் என்று சொல்ல முடியாது என்று 2018 செப்டம்பர் 6-ல் நம்ம சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லும்வரை இங்கே அதைக் குற்றமாக்கி வைத்திருந்தது.

இதைப் படித்த ராத்திரி எனக்கு முதலாமாண்டுப் பையன் ஒருத்தன் ஞாபகம் வந்தது. பெயர் வேண்டாம். நடையையும் பேச்சையும் வைத்து அவனுக்கு ஒரு பட்டப்பெயர். வெச்சது நான் இல்லை, ஆனா சிரிச்சதில் நானும் உண்டு. ட்ராயிங்கில் அவன்தான் முதல் மார்க். இரண்டாம் வருஷம் வரவில்லை. அவன் நம்பர் இன்னும் என் போனில் இருக்கு. மிஷினுக்கு மெசேஜ் கட்ட எனக்குப் பத்து வரி போதும். இவனுக்கு மூணு தடவை டைப் அடிச்சு அழிச்சேன், நாலாவதா அனுப்பிட்டேன். பார்த்துட்டான், நீலக் கோடு வந்தது. பதில் இன்னும் வரலை.

போத்தனூரில் பிறந்த அந்த அம்மா, 1959-ல் தானே உட்கார்ந்து மகன் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதினார். போர்க் காலத்தில் மகன் என்ன வேலை பார்த்தான் என்பதை அவரால் அதில் எழுத முடியவில்லை. அந்த ரகசியம் வெளியே வந்தது 1970-களில். 1976-ல் அவர் காலமானார்.