நிலா வெளிச்சத்தில் ஆடியவர்



ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம். ஹாக்கி வீரர் மேஜர் தியான்சந்த் பிறந்த நாள் அது. அவரைப் பற்றி எழுதுகிறேன் என்று நானாகவே மிஸ்ஸிடம் கேட்டு வாங்கினேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

போன வருஷம் குறுவட்டப் போட்டியில் நீளம் தாண்டுதலில் எனக்கு மூன்று வாய்ப்பும் ஃபவுல். நம்ம பள்ளியிலிருந்து வந்தவங்களுக்கு இது தெரியும். ஆனா சேர்வராயன் கோயில் முன்னால இருக்கிற வெட்டவெளியில், காலை மூடுபனியில், ஒரு குச்சியைக் கிடத்திட்டு ஓடிப் பழகினப்ப பத்து தடவையில் எட்டு தடவை சரியா மிதிச்சேன். அங்கே என்னைப் பார்க்க மேயற மாடு மட்டும்தான். போட்டியன்னைக்கு சுத்தி நின்னு எல்லாரும் கைதட்டினாங்க, என் அடிக்கணக்கு போச்சு. கூட்டம் பார்த்தா சில பேருக்கு மட்டும் எப்படி ஆட்டம் ஏறுது? அதைத் தெரிஞ்சுக்கத்தான் நூலகத்தில் இவர் வாழ்க்கையை எடுத்துப் படிச்சேன்.

தியான்சந்த் 1905ஆம் ஆண்டு அலகாபாத்தில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் இருந்தார். ஊர் ஊராக மாற்றல் ஆனதால் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது. குடும்பம் பிறகு ஜான்சியில் தங்கியது. சின்ன வயதில் அவருக்குப் பிடித்தது ஹாக்கி இல்லை, மல்யுத்தம்! 1922இல் சாதாரண சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் ஹாக்கி மட்டையை ஒழுங்காகப் பிடித்தார். பாலே திவாரி என்ற சுபேதார் மேஜர் சொல்லிக்கொடுத்தார்.

அவர் நிஜப் பெயர் தியான் சிங். பகலெல்லாம் ராணுவ வேலை, அதனால ராத்திரியில் ஆடுவார். அந்தக் காலத்தில் மைதானத்துக்கு விளக்கு ஏது? நிலா வரும்வரைக்கும் காத்திருப்பார். சந்த் என்றால் இந்தியில் நிலா. கூட இருந்தவங்க அதையே அவர் பெயரோடு ஒட்டிவிட்டாங்க. யாருமே பார்க்காத மைதானத்தில் ஒரு சிப்பாய் தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டு போவதை நான் நினைச்சுப் பார்ப்பேன்.

1926இல் ராணுவ அணியோடு நியூசிலாந்து போனார். 21 ஆட்டத்தில் 18 வெற்றி. திரும்பி வந்ததும் லான்ஸ் நாயக் பதவி கொடுத்தாங்க.

1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். இந்திய ஹாக்கி அணி பம்பாயில் கப்பல் ஏறினப்ப வழியனுப்ப வந்தது மூன்றே பேர். நம்ம ஊரில் பரீட்சைக்குப் போற பிள்ளைக்குக்கூட அதைவிட அதிகம் பேர் வருவாங்க. இறுதிப் போட்டியில் எதிரணி ஹாலந்து. மைதானம் முழுக்க அவங்க ஊர் ஜனம். தியான்சந்த் உடம்பு சரியில்லாமல் ஆடினார். 3-0 என்று இந்தியா ஜெயித்தது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா மேல் ஒரு கோல்கூட யாரும் போடவில்லை. தியான்சந்த் மட்டும் 14 கோல். கப்பல் திரும்பினப்ப அதே துறைமுகத்தில் பெரிய கூட்டம்.

1932 லாஸ் ஏஞ்சல்ஸிலும் தங்கம். அமெரிக்காவை 24-1 என்று தோற்கடித்தார்கள். தம்பி ரூப் சிங் 10 கோல், அண்ணன் 8 கோல்.

இதுவரைக்கும் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இவருக்குப் பயமே வராதோ, அப்ப எனக்கு எதுக்கு இவர் கதை என்று நினைச்சேன். 1936 வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த வருஷம் பெர்லின் ஒலிம்பிக்குக்கு அவர்தான் கேப்டன். போய்ச் சேர்ந்ததும் ஜூலை 17 அன்று ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம். 4-1 என்று இந்தியா தோற்றது! அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை என்று அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். எனக்கும் போன வருஷம் அப்படித்தான். உடனே இந்தியாவுக்குத் தகவல் அனுப்பி தாரா என்ற வீரரை விமானத்தில் வரவழைத்தார்கள். அரையிறுதிக்குத்தான் அவர் வந்து சேர்ந்தார்.

இறுதிப் போட்டி மறுபடியும் அதே ஜெர்மனியோடு. ஆகஸ்ட் 14 அன்று நடக்க வேண்டியது மழையால் 15க்குத் தள்ளிப்போச்சு. ஆடப் போகும் முன்னால் எல்லாருக்கும் அந்தப் பழைய தோல்வி ஞாபகம். பங்கஜ் குப்தா ஒரு காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்தார். அப்போ நாம் அடிமை நாடு, அந்தக் கொடியை வெளியில் காட்ட முடியாது. அறைக்குள்ளேயே எல்லாரும் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டு மைதானத்தில் இறங்கினார்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஜெர்மானியர்கள் கத்துறாங்க. இடைவேளையில் 1-0 தான். தரை ஈரம்.

இடைவேளைக்குப் பிறகு தியான்சந்த் ஆணி வைத்த ஷூவைக் கழற்றிப் போட்டார். அப்புறம் கோல் மேல கோல். கடைசியில் 8-1. எதிரே அதே அணிதான், கூட்டமும் ஜெர்மானியக் கூட்டம்தான். (ஹிட்லர் அவருக்கு ராணுவத்தில் பெரிய வேலை தருகிறேன் என்றாராம். எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க. அதுக்குச் சான்று கிடையாது, அதனால் நான் விட்டுட்டேன். ஷூ கழட்டினதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது.)

இதை அறிவியல் மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் கரப்பான்பூச்சி சோதனை ஒன்றைச் சொன்னாங்க. சிரிக்காதீங்க. 1969இல் அமெரிக்காவில் ராபர்ட் ஜயன்ஸ் என்ற உளவியல் அறிஞரும் அவர் கூட்டாளிகளும் செய்தது. கரப்பான்பூச்சிக்கு வெளிச்சம் பிடிக்காது, இருட்டுக்கு ஓடும். நேரான வழியில் ஓடவிட்டப்ப, மற்ற கரப்பான்பூச்சிகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் இன்னும் வேகமாக ஓடிச்சாம். வளைவு வைத்த வழியில் விட்டால், பார்க்க ஆள் இருந்தப்ப தடுமாறி மெதுவாகப் போச்சாம். அதாவது நல்லா பழகினதைக் கூட்டம் ஏத்திவிடும், பழகாததைக் கெடுத்துவிடும்.

பத்துக்கு எட்டு சரியா வந்ததும் எனக்குப் பழகிடுச்சுன்னு நினைச்சேன். மீதி ரெண்டு ஏன் தப்புதுன்னு பார்க்கவே இல்லை. தியான்சந்துக்கு நிலா வெளிச்சத்தில் எத்தனை ராத்திரி போயிருக்கும்!

1956இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. அதே சமயத்தில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1975இல் அவர் மகன் அசோக் குமார் கோல் போட்டு இந்தியா உலகக் கோப்பை வென்றது. ஆனா அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் பணக்கஷ்டம். 1979 டிசம்பர் 3 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், பொது வார்டில் இறந்தார். இதைப் படிச்சப்ப எனக்குக் கோபம் வந்தது. ஜான்சியில் அவர் ஆடின மைதானத்திலேயே தகனம் செய்தார்கள். நாட்டின் பெரிய விளையாட்டு விருதுக்கு 2021இல்தான் அவர் பெயர் வைத்தார்கள்.

இந்த வருஷமும் நீளம் தாண்டுதலுக்குப் பெயர் கொடுத்திருக்கேன். ஓடி வர்றது பதினாலு அடி, அதைச் சாக்பீஸில் குறிச்சு வெச்சிருக்கேன். சாயங்காலம் கடைசி பெல் அடிச்சதும் மைதானத்தில்தான் இருப்பேன். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைங்க யாராவது வந்து சுத்தி நின்னு கைதட்டணும். சிரிச்சாலும் பரவாயில்லை.