காப்பு விளக்குத் தந்த சர் ஹம்ப்ரி டேவி

சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில், வெள்ளைவெளேரென்று தோண்டிக் கிடக்கும் குன்றுகளைக் காணாத மாணவர் நம்முள் இரார். ஊரார் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட் அங்கே கிடைக்கிறது. அக்கல்லினுள் ஒளிந்திருக்கும் மக்னீசியம் என்னும் உலோகம் உலகில் முதன்முதலாகப் பிரித்துக் காட்டப்பட்ட ஆண்டு 1808. காட்டியவர் சர் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில அறிஞர். வேதியியல் பயிலும் நண்பர்கள் அவரைத் தனிமங்களின் பட்டியலோடு நினைவில் வைத்திருப்பர். ஆயின் எளிய மக்களின் நாவில் அவர் பெயர் நிலைத்தது ஒரு சிறு கம்பிவலை விளக்கினால்தான். அந்த விளக்கின் கதை முழுவதும் புகழ்ச்சிக் கதையன்று. அதனாலேயே அது நாம் அறிய வேண்டிய கதையாகிறது.

டேவி 1778 டிசம்பர் 17 ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள பென்சான்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மரச் சிற்பவேலை செய்தவர். டேவிக்குப் பதினாறு வயது நிரம்புமுன் அவர் இறந்து போனார். குடும்பத்துக்கு எஞ்சியது கடன். மூத்த மகனாகிய டேவி ஓர் அறுவை மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தின் வாயிற்படியை அவர் மிதித்ததில்லை. கிடைத்த நூல்களைக் கொண்டு தாமே வேதியியல் கற்றார். 1798 இல், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், பிரிஸ்டல் நகரில் வாயுக்களால் நோய் தீர்க்க முயன்ற ஒரு நிறுவனத்தில் ஆய்வுப் பணி கிடைத்தது. அங்கே அவர் செய்த வேலையை இன்று எந்த ஆய்வுக்கூடமும் அனுமதிக்காது. புதுப்புது வாயுக்களைத் தாமே மூக்கால் இழுத்துப் பார்த்தார்! ஒருமுறை உயிர் போகும் நிலைக்கே சென்று மீண்டார். சிரிப்பூட்டும் வாயு வலியை மறக்கச் செய்யும் என்றும், அறுவை மருத்துவத்துக்குப் பயன்படலாம் என்றும் 1800 இல் நூலில் எழுதினார். மருத்துவ உலகம் அதைக் கண்டுகொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1801 இல் இலண்டனிலுள்ள இராயல் இன்ஸ்டிடியூஷன் அவரை அழைத்துக்கொண்டது. பேச்சாற்றலும் இளமை அழகும் வாய்ந்த அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்கச் செல்வர்களின் வண்டிகள் தெருவை அடைத்து நின்றன. 1807 இல் மின்சாரத்தைக் கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தார். அடுத்த ஆண்டில் கால்சியமும் பேரியமும் மக்னீசியமும் வெளிப்பட்டன. 1812 இல் சர் பட்டம் பெற்றார்; செல்வமுள்ள கைம்பெண் ஒருவரை மணந்தார்; அவ்வாண்டிலேயே நைட்ரஜன் டிரைகுளோரைடு என்னும் கொடிய வெடிபொருள் அவர் கண்முன் வெடித்துப் பார்வையைத் தாக்கியது. எழுத்து வேலைக்கு உதவியாள் தேவைப்பட்டது. அப்படி வந்தவர்தான் புத்தகம் கட்டும் தொழில் பழகிய மைக்கேல் பாரடே. டேவியின் கண்டுபிடிப்புகளிலெல்லாம் பெரியது பாரடேயே என்று சொல்வாருண்டு.

இனி விளக்கின் கதைக்கு வருவோம்.

அதே 1812 இல், மே 25 ஆம் நாள், வட இங்கிலாந்தில் பெல்லிங் என்னும் இடத்து நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 92 பேர் மாண்டனர். அவர்களுள் பத்து வயதையொட்டிய சிறுவர்களும் இருந்தனர். சுரங்க விபத்துகள் செய்தித்தாளில் வெளிவருவதை அக்கால முதலாளிகள் விரும்பவில்லை. ஆனால் இறந்தவர்களை அடக்கம் செய்த ஜான் ஹாட்ஜ்சன் என்னும் பாதிரியார் வாய்மூடி இருக்க மறுத்தார். நடந்ததை இறந்தோர் பெயர்களோடு அச்சிட்டு வெளியிட்டார். நாட்டின் மனச்சான்று விழித்தது. சுரங்க விபத்துகளைத் தடுப்பதற்கென்றே 1813 இல் சந்தர்லாந்து நகரில் ஒரு சங்கம் தோன்றியது.

நிலக்கரி அடுக்குகளின் இடுக்குகளிலிருந்து மீத்தேன் என்னும் வாயு கசிகிறது. காற்றில் அது நூற்றுக்கு ஐந்து பங்கு முதல் பதினைந்து பங்கு வரை கலந்திருக்கும்போது ஒரு சுடர் பட்டால் போதும், வெடிக்கும். சுரங்கத் தொழிலாளிக்கோ வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் என்றால் அன்று மெழுகுவத்திதான். மாற்று வழிகள் தேடி மக்கள் என்னென்னவோ செய்தனர். எஃகுச் சக்கரத்தைச் சிக்கிமுக்கிக் கல்லின்மேல் சுழற்றி, தெறிக்கும் பொறியின் ஒளியில் கரி வெட்டினர். அச்சக்கரத்தைச் சுழற்றுவதற்கென்றே ஒரு சிறுவன் பக்கத்தில் நிற்பான். அழுகும் மீன்தோலின் மங்கிய ஒளியில் வேலை செய்தோரும் உண்டு. ஈரத்துணி போர்த்திய ஒருவன் தரையோடு தரையாகத் தவழ்ந்து சென்று, நீண்ட கோலின் நுனியிலிருந்த மெழுகுவத்தியால் வாயுவை வேண்டுமென்றே கொளுத்தி விடுவதும் வழக்கம். அவன் பிழைத்து வந்தால் மற்றவர் உள்ளே போவர்!

1815 ஆகஸ்டில் அச்சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று டேவி நியூகாசில் பகுதிக்கு வந்தார். ஜான் பட்டில் என்னும் சுரங்கப் பொறியாளரைக் கண்டு விவரங்களைக் கேட்டறிந்தார். சுரங்க வாயுவைப் புட்டிகளில் அடைத்து இலண்டனுக்கு அனுப்புமாறு சொல்லிச் சென்றார். பிறகு சில மாதங்களிலேயே வேலை முடிந்தது. பாரடே உடனிருந்து உதவினார். மெல்லிய உலோகக் குழாயின் வழியாக இந்த வாயுவின் சுடர் கடந்து செல்வதில்லை என்பதை டேவி கண்டார். சுடரின் வெப்பத்தைக் குழாயின் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. வெப்பம் குன்றிய சுடர் அங்கேயே அணைகிறது. குழாயை எவ்வளவு குறுகலாக்குகிறோமோ அவ்வளவு நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அப்படிக் குறைத்துக்கொண்டே போனால் எஞ்சுவது என்ன? கம்பி வலை! அங்குலத்துக்கு 28 கண், சதுர அங்குலத்துக்கு 784 கண் உள்ள வலையால் எண்ணெய் விளக்கின் சுடரைச் சுற்றி மூடினார். 1816 சனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் விளக்கைச் சோதித்தனர். வெடிவாயு வலைக்குள் நுழைந்து எரிந்தது. ஆனால் சுடர் வெளியே வரவில்லை. வாயு மிகுந்த இடத்தில் சுடரின் தலையில் நீலத் தொப்பி ஒன்று தோன்றித் தொழிலாளியை எச்சரிக்கவும் செய்தது.

காப்புரிமை பெற்றிருந்தால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பவுன் வந்திருக்கும். பட்டிலும் அதை எடுத்துரைத்தார். டேவி மறுத்துவிட்டார். மக்கள் நலத்துக்காகச் செய்ததை விற்க அவருக்கு மனமில்லை.

இவ்வளவு பெருந்தன்மை கொண்டவர் வேறொன்றில் சிறுமை காட்டினார் என்பதையும் மறைப்பதற்கில்லை. கில்லிங்வொர்த் சுரங்கத்தில் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஸ்டீபன்சன், பிற்காலத்தில் இருப்புப்பாதையால் புகழ்பெற்ற அதே ஸ்டீபன்சன், அதே 1815 இல் தம் வழியில் ஒரு காப்பு விளக்கைச் செய்து அக்டோபரிலேயே சுரங்கத்தில் சோதித்தும் விட்டார். சந்தர்லாந்து மருத்துவர் கிளானியின் விளக்கு அதற்கும் முந்தியது. எழுதப் படிக்கவே பதினெட்டு வயதுக்குமேல் கற்ற ஒரு தொழிலாளி தாமாகச் சிந்தித்து இதைச் செய்திருக்க முடியும் என்று டேவி கடைசிவரை நம்பவில்லை. திருட்டுப் பழியே சுமத்தினார். பல்கலைக்கழகம் காணாமல் உயர்ந்த டேவிக்கு இது அழகன்று. 1820 இல் இராயல் சொசைட்டியின் தலைவரான பிறகு, தம் மாணவராகிய பாரடே உறுப்பினராவதையும் அவர் எதிர்த்தார் என்பது வரலாறு.

நிற்க. விளக்கு வந்ததும் சாவு குறைந்ததா? இங்கேதான் கதை திரும்புகிறது. 1835 இல் ஆங்கில நாடாளுமன்றக் குழு ஒன்று கணக்கெடுத்தது. டர்ஹாம், நார்தம்பர்லாந்து ஆகிய இரு மாவட்டங்களில் விளக்கு வருவதற்கு முந்திய 18 ஆண்டுகளில் மாண்டவர் 447 பேர். வந்த பின் 18 ஆண்டுகளில் மாண்டவர் 538 பேர்! விளக்கு பொய்த்துவிட்டதா என்றால், முழுவதும் அப்படியன்று. வலையில் ஓர் ஓட்டை விழுந்தாலும், காற்று வேகமாக வீசினாலும், சுடர் வெளியே வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் உண்டு. வாயு மிகுதியென்று முன்னர் மூடிவிட்ட சுரங்கங்களை முதலாளிகள் மீண்டும் திறந்தனர். கையில்தான் டேவி விளக்கு இருக்கிறதே என்று, நல்ல காற்றோட்டத்துக்குச் செலவிடாமல், முன்பைவிட ஆழத்துக்கும் முன்பைவிட ஆபத்தான இடத்துக்கும் ஆட்களை அனுப்பினர். உற்பத்தி பெருகியது. விளக்கு தீப்பற்றுவதைத்தான் தடுத்தது. வாயுவை அது அகற்றவில்லை.

இந்த வேறுபாடு சட்டத்தில் ஏற நெடுங்காலம் ஆயிற்று. வெடிக்கத்தக்க காற்றுச் சூழலில் பணிபுரிவோருக்காக ஐரோப்பிய நாடுகள் 1999 இல் வகுத்த பொது விதி ஒரு வரிசை சொல்கிறது. முதலில் அச்சூழல் உருவாகாமல் தடு. அது இயலாத இடத்தில் பற்றவைக்கும் பொறியைத் தடு. அதற்கும் மேலே, வெடித்தாலும் சேதம் குறையும்படி செய். டேவியின் விளக்கு இதில் இரண்டாம் படி மட்டுமே. நம் நாட்டில் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37 ஆம் பிரிவும் இயந்திரத்தை மூடிவைத்தல், தூசியும் வாயுவும் சேராமல் அகற்றுதல் ஆகியவற்றை முன்னே சொல்லிவிட்டு, தீப்பொறியைப் பின்னேதான் சொன்னது.

தூசி என்றவுடன் சிலர் வியக்கலாம். 1844 இல் ஹாஸ்வெல் சுரங்கம் வெடித்து 95 பேர் இறந்தபோது விசாரிக்கச் சென்றவர்களுள் ஒருவர் பாரடே. வாயுவோடு நிலக்கரித் தூளும் சேர்ந்து எரிந்ததை அவர் சுட்டிக்காட்டினார். (வெடிமருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று அங்கே அவர் கேட்க, அவர் உட்கார்ந்திருந்த மூட்டையையே காட்டினார்களாம், பக்கத்தில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்ததாம்!) நம் நாட்டில் 1965 மே 28 அன்று பீகாரைச் சேர்ந்ததாயிருந்த தோரி நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 268 பேரைக் கொண்டு போயிற்று. நிலக்கரிக்கு மட்டும் உரிய குணமன்று இது. எரியக்கூடிய பொருள் எதுவும் மெல்லிய மாவாகி அடைத்த இடத்தில் மிதந்தால் வெடிக்கும். குச்சிக்கிழங்கு மாவும் அப்படியே. நாமக்கல் கோழித் தீவனத்துக்கு அரைக்கும் மக்காச்சோளத் தூளும் அப்படியே. முன்னே சொன்ன மக்னீசியத்தின் பொடியும் அப்படியே. சேகோ ஆலைகளில் வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் பலர். கூரை உத்தரத்தில் படிந்த மாவைத் துடைப்பது வெறும் சுத்தம் பேணும் வேலையன்று என்பதை அவர்கள் வீட்டில் எடுத்துச் சொல்லலாம்.

லாரித் தொழில் தழைக்கும் நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கத்துக்கு இன்னொன்றும் பொருந்தும். நிறைந்த பெட்ரோல் டேங்கரைக் காட்டிலும் காலியான டேங்கர்தான் ஆபத்து. உள்ளே எஞ்சிய ஆவி காற்றோடு கலந்து, வெடிக்கும் அளவில் நிற்கும். அதன்மேல் வெல்டிங் பொறி விழுந்தால் என்னாகும்? ஆவியை முற்றும் அகற்றாமல் அத்தகைய தொட்டியில் வெல்டிங் செய்யலாகாது என்று அதே 37 ஆம் பிரிவு தடுத்தது. பட்டறை முதலாளியின் அவசரம் அந்தச் சட்டத்தை அறியாது; பற்றவைக்கும் கையும் பெரும்பாலும் இருபது வயதுப் பையனுடையதே.

டேவியின் வலை இன்றும் நம் சாலையோரத்தில் இருக்கிறது. பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து ஆவி வெளியேற உயரமாக நிற்கும் குழாயின் வாயை ஈரடுக்குக் கம்பி வலையால் மூட வேண்டும் என்பது 2002 ஆம் ஆண்டுப் பெட்ரோலிய விதி. சென்டிமீட்டருக்குப் பதினொரு கண்ணுக்குக் குறையாத வலை அது. கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 28. டேவி எண்ணிய அதே எண்.

1826 இன் இறுதியில் பக்கவாதம் அவரைத் தாக்கியது. தலைமைப் பதவியைத் துறந்து, ஐரோப்பாவில் ஊர் ஊராக உடல்நலம் தேடித் திரிந்து, 1829 மே 29 அன்று ஜெனீவாவில் ஐம்பது வயதிலேயே மறைந்தார். அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பிள்ளைகள் இல்லை. விளக்குக்காகச் சுரங்க முதலாளிகள் 1817 இல் அவருக்கு அளித்திருந்த வெள்ளிப் பாத்திரங்கள் உயிலின்படி கைமாறிச் சென்று, அவர் தம்பியின் காலத்துக்குப் பின் இராயல் சொசைட்டிக்கு வந்தன. அவற்றை உருக்கி விற்ற பணத்தைக் கொண்டுதான் வேதியியலுக்கான டேவி பதக்கம் 1877 முதல் வழங்கப்படலாயிற்று.