சி. சு. செல்லப்பாவும் ‘எழுத்து’ இதழும்

சி. சு. செல்லப்பாவின் (1912–1998) வாழ்க்கை வரலாற்றை அச்சு, வினியோகம் ஆகியவற்றினின்று பிரித்து எழுத இயலாது. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற அவர், ‘மணிக்கொடி’ வழிச் சிறுகதையாசிரியராக அறியப்பெற்றார். 1959 சனவரியில் சென்னையிலிருந்து ‘எழுத்து’ மாத இதழைத் தொடங்கியபோது, 2000 படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என வரையறுத்துக்கொண்டார். இதனைப் பொருள் வறுமையின் விளைவாகக் கொள்வது பொருந்தாது. வாசகரைத் தேர்தலும் திறனாய்வின் ஒரு கூறே என்னும் கொள்கை அதில் உண்டு. ஆயின் சந்தாதாரர் தொகை அவ்வெல்லையை எட்டவேயில்லை.

பேரிதழ்கள் புதுக்கவிதையைப் பொருட்படுத்தாத அக்காலத்தில் ந. பிச்சமூர்த்தி, தருமு சிவராமு, பசுவய்யா, சி. மணி முதலியோர்க்கு ‘எழுத்து’ களமாயிற்று. அதில் வெளிவந்த கவிதைகளைத் தேர்ந்து 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பைச் செல்லப்பாவே பதிப்பித்தார். எழுத்து பிரசுர நூல்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்து, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். தமிழ்த்துறைகள் தற்கால இலக்கியத்தை அணுகத் தயங்கிய நாளில் அவற்றின் வாயிலுக்கே அது சென்று சேர்ந்தது இவ்வாறுதான். இழப்பு மிகுந்தும் 119 இதழ்கள் வெளிவந்தன. 1970இல் ‘எழுத்து’ நின்றது.

முதுமையிலும் அவர் பதிப்பாளரைத் தேடிக் காத்திருக்கவில்லை. மூன்று பாகங்கள் கொண்ட ‘சுதந்திர தாகம்’ புதினத்தைத் தாமே வெளியிட்டார். அதற்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல், அவர் மறைந்தபின், வழங்கப்பெற்றது.