குறும்படத்துக்கு எந்த வகைக் கதை? பி. ரம்லியின் வாழ்க்கையில் ஒரு வழி இருக்கு

பள்ளியிலோ கல்லூரியிலோ குறும்படம் எடுக்கச் சொன்னால், குழுவில் முதலில் வரும் சண்டை இதுதான்: பேய்ப் படமா, நகைச்சுவையா, அழவைக்கிற கதையா?

மூன்றையும் எடுத்துக் காட்டியவர் ஒருவர் நம்ம வட்டாரத்திலேயே இருந்தார். அவர்தான் பி. ரம்லி.

யார் இவர்?

1929 மார்ச் 22ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். இயற்பெயர் தெயுக்கு ஸக்கரியா. சின்ன வயதிலிருந்தே இசைதான் உயிர். 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்ட இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹான்ஸ், அவரைச் சிங்கப்பூருக்கு வரவழைத்தார். ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக் கூடத்தில் வேலை.

எடுத்த எடுப்பிலேயே நாயகன் ஆகிவிடவில்லை. முதல் படமான 'சிந்தா'வில் துணை வேடம்தான். நாயகனுக்குப் பின்னணி பாடியதும் அவரே. 1950இல் 'பக்தி' படத்தில் முதல் முறையாக அவரை நாயகனாக்கியவர் ஒரு தமிழர், இயக்குநர் எல். கிருஷ்ணன்.

அந்தக் காலத்தில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தே ரம்லி தொழில் கற்றுக்கொண்டார். 1955இல், 26 வயதில், தானே இயக்குநரானார்.

கதையை எங்கே தேடினார்?

முதல் படத்துக்கு அவர் அரண்மனைக் கதையைத் தேடிப் போகவில்லை. தெருவில் தினமும் பார்க்கிற பெச்சா ஓட்டுநரை எடுத்துக்கொண்டார். 'பெனாரேக் பெச்சா' என்ற அந்தப் படத்தில், ஏழை பெச்சா ஓட்டுநரும் பணக்கார வீட்டுப் பெண்ணும் காதலிக்கிறார்கள்.

1957இல் 'பூஜாங் லாப்போக்'. வாடகை அறையில் காலம் தள்ளும், கல்யாணம் ஆகாத மூன்று பேரின் கதை. கையில் காசில்லாத கஷ்டத்தையே சிரிப்பாக மாற்றினார்.

1958இல் 'சும்பா ஓராங் மின்யாக்'. கிராமங்களில் பேசப்பட்ட எண்ணெய் மனிதன் கதையை வைத்து எடுத்த திகில் படம். அதன் நாயகன், ஊரே கேலி செய்யும் ஒரு கூனன்.

1961இல் 'செனிமான் பூஜாங் லாப்போக்'. மூன்று நண்பர்கள் நடிகராக ஆசைப்பட்டு ஜாலான் அம்பாஸுக்கே வருகிறார்கள். தான் வேலை பார்த்த இடத்தையே ரம்லி கதையாக்கிவிட்டார்!

இதில் நமக்கு என்ன?

வகை மாறிக்கொண்டே இருக்கு. ஆனால் உள்ளே இருக்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பணமும் அந்தஸ்தும் இல்லாத ஒருவரை இந்த உலகம் எப்படி நடத்துகிறது?

அதனால் வகையை முதலில் முடிவு செய்ய வேண்டாம். உங்களை உறுத்துகிற ஒரு மனிதரை, ஒரு கேள்வியை முதலில் பிடியுங்கள். உணவங்காடியில் தட்டு எடுக்கும் பாட்டியாக இருக்கலாம், உங்கள் புளோக்கைக் கூட்டும் அண்ணனாக இருக்கலாம். பிறகு யோசியுங்கள்: இதைப் பார்ப்பவர் சிரிக்கணுமா, பயப்படணுமா, கண் கலங்கணுமா? அந்தப் பதில்தான் உங்கள் படத்தின் வகை.

கடைசி ஆண்டுகள்

1964இல் ரம்லி கோலாலம்பூரின் மெர்டேக்கா படப்பிடிப்புக் கூடத்துக்குப் போனார். அங்கே எடுத்த படங்களுக்குப் பழைய வரவேற்பு கிடைக்கவில்லை. ரசனை மாறிக்கொண்டிருந்தது. பணக் கஷ்டமும் சேர்ந்துகொண்டது. 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவரது கடைசிப் படம். அடுத்த ஆண்டு மே 29ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 44தான்.

டான் ஸ்ரீ பட்டம் 1990இல்தான் வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. ஆனால் பெச்சா ஓட்டுநரும், வாடகை அறை நண்பர்களும், அந்தக் கூனனும் இன்றும் தொலைக்காட்சியில் வருகிறார்கள். மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறது.