பாரடே செய்த பலூன்

திருவிழாக் கடைகளில் நூலிற் கட்டி விற்கப்படும் இரப்பர்ப் பலூனைக் கண்டு மகிழாத சிறுவர் இலர். ஆனால், அதனை முதன்முதற் செய்தவர் விளையாட்டுக்காகச் செய்தாரல்லர். கண்ணுக்குப் புலப்படாத வாயுக்களின் இயல்பை ஆராயப் புகுந்த மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞரே 1824ஆம் ஆண்டில் தம் ஆய்வுக்கூடத்தில் அதனைச் செய்தார்.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், இலண்டன் மாநகரை அடுத்த நியூவிங்டன் என்னும் ஊரில், கொல்லர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். வறுமையால் அவரது பள்ளிப்படிப்பு விரைவில் நின்றது. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டுபவர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். கட்டுதற்கு வந்த நூல்களைக் கட்டியதோடு அமையாது, அவற்றைப் படிக்கவும் செய்தார். ஜேன் மார்செட் என்னும் அம்மையார் இயற்றிய வேதியியல் நூல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1812ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி என்னும் அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்புகளை விரித்தெழுதி, தம் கையாலேயே அழகுறக் கட்டி அவருக்கு அனுப்பினார். கற்ற கைத்தொழில் வீண்போகவில்லை. மறு ஆண்டில், இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியற் கழகத்தில் டேவியின் உதவியாளராக அமர்ந்தார்.

நீர் குளிரிற் பனிக்கட்டியாகிறது, வெப்பத்தில் ஆவியாகிறது. இஃது யாவரும் அறிந்ததே. ஆனால், குளோரின் முதலிய வாயுக்களும் அவ்வாறு நிலை மாறுமோ என்பது அந்நாளில் தெளிவாகவில்லை. 1823ஆம் ஆண்டில் பாரடே, குளோரினும் நீரும் சேர்ந்துறைந்த படிகங்களைக் கண்ணாடிக் குழாயில் இட்டு, வாயை உருக்கி மூடிச் சூடேற்றினார். குழாயினுள் எண்ணெய் போன்ற துளிகள் தோன்றின. அப்பொழுது அங்கு வந்த மருத்துவர் ஒருவர், கழுவாத குழாயைப் பயன்படுத்தலாமா என்று கடிந்துகொண்டார். பாரடே குழாயின் முனையை அரத்தால் அராவினார். குழாய் படீரெனத் திறந்துகொண்டது, எண்ணெயும் மறைந்தது! மறுநாட் காலையில் மருத்துவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் கண்ட எண்ணெய், திரவமாகிய குளோரினே என்பது அதன் செய்தி. வெளியேற வழியின்றி அடைபட்ட வாயு, தன் அழுத்தத்தாலேயே திரவமாயிற்று. வழி கிடைத்ததும் மீண்டும் வாயுவாய்ப் பறந்தது.

இவ்வறிவு எளிதிற் கிட்டியதன்று. அவ்வாண்டிலேயே ஒருநாள் குழாய் வெடித்துக் கண்ணாடித் துண்டுகள் பலகணியைத் துளைத்துச் சென்றன. பதின்மூன்று துண்டுகள் அவர் கண்களில் எடுக்கப்பட்டன. கண் ஆறியதும் அவர் மீண்டும் குழாயையே நாடினார்.

ஹைட்ரஜன் வாயுவை அடைத்துவைத்து ஆராய்வதற்கு மெல்லிய பை ஒன்று தேவைப்பட்டது. பாரடே இரண்டு இரப்பர்த் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உட்புறம் ஒட்டாதிருக்க மாவு தூவி, விளிம்புகளை அழுத்தி ஒட்டினார். சமையலறை மாவு ஆய்வுக்கூடத்திற்கு உதவியது! வாயுவைச் செலுத்தவே, அப்பை ஒளி ஊடுருவும் அளவுக்கு விரிந்தது. ஹைட்ரஜனின் எடை காற்றின் எடையில் ஏறத்தாழ 14இல் ஒரு பங்கே. ஆதலின் பை மேலே எழும்பியது. இடத்தை அடைப்பதும் எடையுடையதும் பொருளாயின், வாயுவும் பொருளே என்பதைக் காட்ட இதனினும் எளிய சான்று வேறில்லை.

1831ஆம் ஆண்டில் அவர் கண்ட மின்தூண்டலே அவருக்குப் பெரும்புகழ் தந்தது. அதனைப் போற்றுவோர் இப்பலூனை மறந்துவிடுகின்றனர்.

சிறுவர்க்காகக் கிறிஸ்துமஸ் காலத்தில் நிகழ்ந்த சொற்பொழிவுகளில் அவர் மெழுகுவர்த்தி ஒன்றையே பொருளாகக் கொண்டார். திண்மமான மெழுகு உருகித் திரவமாகித் திரியில் ஏறி, ஆவியாகி எரிவதைக் காட்டினார். சுடரின் நடுவே சிறு கண்ணாடிக் குழாயை நுழைத்து, அவ்வாவியை வெளியே கொணர்ந்து குழாயின் மறுமுனையிலும் சுடரேற்றினார். 1860ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அப்பொழிவுகள் பின்னர் நூலாயின.

1845ஆம் ஆண்டில் கடுங்குளிரையும் பேரழுத்தத்தையும் சேர்த்துப் பல வாயுக்களைத் திரவமாக்கினார். ஆக்ஸிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் முதலிய சில மட்டும் இணங்கவில்லை. அவை பிடிபடுமுன்பே, 1867ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் பாரடே மறைந்தார். அவரது பலூனில் நிறைந்திருந்த ஹைட்ரஜனை, 1898ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டூவர் என்பார், பாரடே உழைத்த அதே கழகத்தில் திரவமாக்கினார்.